செவ்வாய்க்கிழமை மேசை

அன்புள்ள விசிலுக்கு,

ஊசி எழுதிக்கொள்வது. நான் நலம், என் முட்டி மட்டும் நலமில்லை. நீயும் உன் மகனும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பட்டப்பெயரில் ஆரம்பித்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. நம் வக்கீல் வைத்த பெயர்கள்தான் நமக்கு நிலைத்தன. கூட்டத்தில் யாராவது பேச்சை வளர்த்தால் வாயாலேயே விசில் அடித்து உட்கார வைப்பாயே, அந்த இன்ஸ்பெக்டரை வேறு எப்படிக் கூப்பிடுவது? என் கதையும் அப்படித்தான். நர்ஸ் வேலையை விட்டு எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் குழந்தைகள் இன்னும் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிகின்றன.

நேற்று நகராட்சி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். தண்ணீர் வரி கட்டப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, நாம் செவ்வாய்க்கிழமைதோறும் கூடிய அறையைப் பார்க்கப் போனேன். தெருவிளக்குப் பிரிவுக்குப் பின்னால், பழைய பல்புகளும் கம்பிச் சுருள்களும் அடைத்துக் கிடந்த அறை இப்போது வெள்ளையடித்து, மின்விசிறி மாட்டி, மரியாதையாக இருக்கிறது. மேசை மட்டும் அதே மேசை. நகராட்சிச் சார்பில் வந்த சாவி சார் எங்கிருந்தோ இழுத்து வந்த இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டோமே. ஒன்று மற்றதைவிட ஒரு விரல் உயரம். நடுவில் டீ கிளாஸை வைத்தால் சாயும். அப்படி நீ வைத்த டீ வக்கீலின் மனுவில் கொட்டி, அவன் கறையோடு அதைக் கோர்ட்டில் கொடுத்து, 'இது என்ன, ரத்தமா?' என்று நீதிபதி கேட்டாராம். அவன் 'இல்லைங்க, போலீஸ்' என்றானாம். நேற்று அந்த இடைவெளியைத் தடவிப் பார்த்துக்கொண்டே தனியாக நின்று சிரித்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

சிரித்ததெல்லாம் கொஞ்ச நேரம்தான். விஷயம் வேறு. புதிதாக ஒரு நகராட்சித் தலைவர் வந்திருக்கிறார். கெட்டவர் இல்லை, எதற்கும் கணக்குக் கேட்கிறவர். நமக்குப் பிறகு வந்த ஒருங்கிணைப்பாளர் பெண்ணைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். “போலீசுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்குது. ஆஸ்பத்திரிக்கு அரசாங்கம் கொடுக்குது. கோர்ட்டுக்கும் கொடுக்குது. இவங்க எல்லாரும் வாராவாரம் சேர்ந்து உட்கார்ந்து டீ குடிக்கிறதுக்கு நகராட்சி எதுக்கும்மா பணம் கொடுக்கணும்?” என்று கேட்டாராம். அந்தப் பெண் ஏதேதோ அறிக்கைகளைக் காட்டியிருக்கிறாள். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கோப்பை எடுத்துவிட்டார்.

அடுத்த மாதக் கூட்டத்தில் முடிவு செய்யப் போகிறார்கள். பணம் நின்றால் அந்தப் பெண்ணின் வேலை போகும். அவசரத் தொலைபேசி போகும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் தங்கும் வீட்டை மூடிவிடுவார்கள். அடி வாங்கின பெண்கள் பழையபடி போலீசில் ஒரு தடவை, ஆஸ்பத்திரியில் ஒரு தடவை, வக்கீலிடம் ஒரு தடவை என்று தங்கள் கதையைச் சுமந்துகொண்டு அலைய வேண்டும்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதுதான் எனக்கு எரிச்சல். சேர்ந்து உட்காராமல் இருந்தபோது என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது, நமக்குத்தான் தெரியும். அந்தத் தையல்காரப் பெண்ணை நினைத்துப் பார். நீ அவள் புருஷனை விசாரிக்கக் கான்ஸ்டபிளை அனுப்பினாய். கட்டு மாற்ற வரவில்லையே என்று நான் ஆயாவை அனுப்பினேன். வக்கீலின் நோட்டீஸ் தபாலில் போயிற்று. பெண்கள் விடுதி அக்கா அவளை அழைத்துப் போகத் தெருமுனையில் போய் நின்றாள். நாலு பேரும் அவரவர் வேலையைக் குறை சொல்ல முடியாதபடி செய்தோம், எல்லாம் ஒரே நாளில். சாயங்காலம், புருஷன் அடித்துப் போட்ட அவளை என் வார்டுக்குத் தூக்கி வந்தார்கள். உயிர் பிழைத்தாள், இடது காது போயிற்று. நீ தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். “நாலு பேரும் ஒரே நாள்ல அந்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கோம்டி. ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்தை கேட்டுக்கலையே” என்றாய். அடுத்த செவ்வாய்க்கிழமை மேசை போட்டோம்.

மேசைச் செலவுக்குக் கணக்குத் தலைப்பே இல்லாமல் சாவி சார் அதைத் தெருவிளக்குப் பராமரிப்பில் சேர்த்ததும், தணிக்கைக்கு வந்தவர் 'இந்தப் பல்பு எந்தத் தெருவில் எரிகிறது' என்று கேட்டதும், சாவி சார் வியர்த்து வழிந்துகொண்டு, “தெருவுல இல்லைங்க, சில வீட்டுக்குள்ள எரியுது” என்றதும் நினைவிருக்கிறதா? பாவம், சாவி சார் போன வருஷம் போய்விட்டார். கடைசிவரை நகராட்சிச் சாவிக்கொத்தை இடுப்பில் தேடிக்கொண்டே இருந்தாராம்.

ஆகவே நீ ஒரு கடிதம் எழுத வேண்டும். ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர் என்று பெரிதாகக் கையெழுத்துப் போடு. நான் எழுதினால் ஊசி ஏதோ புலம்புகிறாள் என்பார்கள், உன் எழுத்துக்கு மதிப்பு உண்டு. கூட்டத்தில் நான் படிக்கிறேன். நேரில் வந்து நீயே படித்தால் இன்னும் நல்லது. உன்னைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று, ராட்சசி. பள்ளிக்கூடம் விட்டு வந்து நம் மேசைக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவானே உன் மகன், அவனையும் அழைத்து வா. மருமகளையும் நான் கல்யாணத்தில் பார்த்ததோடு சரி.

உன் எழுத்துக்காகத் தபால்காரரை மிரட்டிக்கொண்டிருக்கும்,
ஊசி

*

அன்புள்ள ஊசிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்துவிட்டுப் பால்கனியில் உட்கார்ந்து சாவி சாருக்காகக் கொஞ்சம் அழுதேன். நல்ல மனிதர். நம் எல்லோரையும்விடப் பயந்தவர், நம் எல்லோருக்கும் முன்னால் கதவைத் திறந்தவர்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, வேலையும் இல்லை. வீடு நாலாவது மாடியில். கீழே வண்டி நிறுத்தும் இடம் முழுவதும் தெரிகிறது. எவன் கோணலாக நிறுத்துகிறான் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வாய் துறுதுறு என்கிறது, என்ன செய்ய, இங்கே விசில் அடித்தால் மகனுக்கு மானம் போகும். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்காத ஊர். காலையில் தெருமுனை நூலகத்துக்குப் போய்ப் பேப்பர் படிப்பேன். அங்கே இருக்கும் நூலகர் அம்மா ஒருத்திதான் எனக்கு இங்கே சிநேகிதம். அவளிடம் நம் மேசைக் கதையெல்லாம் சொல்லியிருக்கிறேன். உன்னை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

சில நாட்களில் காலையில் எழுந்ததும் இன்று செவ்வாயா என்று தோன்றும். டீக்கடைக்காரர் நம் தலையைப் பார்த்ததும் ஐந்து கிளாஸை வரிசையாக வைப்பாரே, அந்தச் சத்தம்கூடக் கேட்கிறது. அப்போதெல்லாம் எவ்வளவு அலுப்பாக இருக்கும், வேலையை விட்டு ஓடிவிடலாம் என்று இருக்கும். இப்போது நினைத்தால் அதுதான் வாழ்க்கை என்று தோன்றுகிறது.

பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது. மருமகள் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்குக் கவனமே போதாது. கொஞ்ச நாள் முன்னால்தான் அலமாரிக் கதவில் முகத்தை இடித்துக்கொண்டாள். மகனுக்கு அலுவலகத்தில் முக்கியமான வேலை, அதனால் நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். “அம்மா, அவ பக்கத்துலயே இருங்க. அவளுக்குத் தனியா எதுவும் சொல்லத் தெரியாது” என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினான். பெண்டாட்டி மேல் அவ்வளவு அக்கறை.

அந்த ஆஸ்பத்திரி லட்சணத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஒரு நர்ஸ் என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து, பக்கத்துக் கட்டடத்தில் முத்திரை வாங்கி வரச் சொன்னாள். நானும் மூச்சு வாங்கப் போனேன். அங்கே இருந்தவன் என் பேர் என்ன, என் அப்பா பேர் என்ன, எத்தனை நாளாக இங்கே இருக்கிறீர்கள் என்று ஊர்க்கதை கேட்டான். கடைசியில், 'இதுக்கு முத்திரையே வேண்டாம்மா' என்றான். திரும்பி வந்தால் அறைக் கதவு சாத்தியிருக்கிறது. இன்னொருத்தி என்னை வெளியிலேயே உட்கார வைத்தாள். உன் வார்டில் இப்படி ஒரு குழப்பம் நடந்திருந்தால் எத்தனை பேரைக் கிழித்திருப்பாய்.

மருமகள் நல்ல பெண்தான், அதிகம் பேச மாட்டாள். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வீட்டில் இருந்தால் போதும் என்று மகன் நிறுத்திவிட்டான். அவள் கைப்பேசி கெட்டுப்போய்க் கிடக்கிறது, அதைச் சரி பண்ணவும் அவளுக்கு ஆர்வம் இல்லை. நான் ஹாலுக்கு வந்தால் அவள் சமையலறைக்குப் போய்விடுகிறாள். போலீஸ் மாமியார் என்றால் யாருக்குத்தான் பயம் இராது? கொஞ்ச நாளில் பழகிவிடும்.

நகராட்சிக்கு நிச்சயம் எழுதுகிறேன். அந்தத் தலைவர் கேட்டதற்கு உறைக்கிற மாதிரி பதில் சொல்ல வேண்டும், யோசித்துக்கொண்டிருக்கிறேன். நேரில் வர முடியாது. மருமகள் கை இப்படி இருக்கும்போது நான் கிளம்புவதை மகன் விரும்பவில்லை. அவன் சொல்வதும் சரிதான்.

முட்டிக்குத் தைலம் தேய். மற்றவர்களுக்கு ஊசி போட்டதெல்லாம் போதும், உன் உடம்பையும் கொஞ்சம் பார்.

பால்கனியில் காவல் இருக்கும்,
விசில்

*

அன்புள்ள விசிலுக்கு,

இந்தக் கடிதத்தை உன் வீட்டு முகவரிக்கு அனுப்பாமல் நூலகத்துக்கு, உன் சிநேகிதியின் பார்வைக்கு அனுப்புகிறேன். அங்கேயே உட்கார்ந்து படி. ஒரு காகிதம் எந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறது என்று பார்க்காமல் அனுப்பக் கூடாது என்று நாம் ஒரு காதைக் கொடுத்துக் கற்றுக்கொண்டோம்.

உன் கடிதத்தைப் படித்துப் போலீஸ் மாமியார் வரைக்கும் சிரித்தேன். பிறகு ஆஸ்பத்திரிப் பகுதியை இன்னொரு தடவை படித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. இதை எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். சுற்றி வளைத்து எழுதினால் நீ விசில் அடிப்பாய், அதனால் நேராகச் சொல்கிறேன்.

அந்த ஆஸ்பத்திரியில் குழப்பம் எதுவும் நடக்கவில்லை. அந்த நர்ஸ் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறாள். உன்னை வேண்டுமென்றேதான் வெளியே அனுப்பினாள்.

உனக்கே தெரியும் இது. நம் ஆஸ்பத்திரியில் இந்த வழியைக் கண்டுபிடித்ததே நீதான். அடிபட்ட பெண்ணோடு கூட வந்தவர்கள் கட்டிலை விட்டு நகரவே மாட்டார்கள். நாம் ஏதாவது கேட்டால் அவர்களே பதில் சொல்வார்கள். “அவங்க கையில ஒரு சீட்டைக் கொடுத்து அந்தக் கோடிக்கு அனுப்புடி, மத்ததை நான் பாத்துக்கறேன்” என்றாய். பழைய கட்டடத்து ஜன்னலில் ஒருவரை உட்கார வைத்து, அப்பா பேர், தாத்தா பேர் எல்லாம் கேட்கச் சொல்லிப் பழக்கினாய். அவரும் நடிப்பில் இறங்கி, கொள்ளுத்தாத்தா பேர் வரைக்கும் போய்விடுவார். மாமியார்கள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தபடி திரும்பி வருவார்கள். அதற்குள் அந்தப் பெண் நம்மிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருப்பாள். நாம் எவ்வளவு சந்தோஷப்பட்டோம். எத்தனை பேரை அப்படி நடக்க வைத்திருப்போம். அந்த வரிசையில் உன்னைக் கொண்டு போய் நிற்க வைப்பார்கள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

நீ எழுதியதை ஒரு தடவை நீயே நினைத்துப் பார். குளியலறையில் வழுக்கி விழுந்தாள். அலமாரிக் கதவு இடித்தது. வேலையை நிறுத்திவிட்டான். கைப்பேசி கெட்டுப்போய்க் கிடக்கிறது. பக்கத்திலேயே இருங்கள் என்று சொல்லி அனுப்பினான். ஆளைப் பார்த்தால் வேறு அறைக்குப் போய்விடுகிறாள். யாரோ ஒரு வீட்டைப் பற்றி இதையெல்லாம் மேசையில் சொல்லியிருந்தால் நீ பாதியிலேயே எழுந்து ஜீப் சாவியைத் தேடியிருப்பாய்.

அவன் எனக்கும் பிள்ளைதான். காய்ச்சல் வந்தபோது என் மடியில் படுத்துத் தூங்கியவன். நான் நினைப்பது தப்பாக இருந்தால் முதலில் சந்தோஷப்படுகிறவள் நான்தான். கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று வாய்க்கு வந்தபடி திட்டி எழுது, சட்டம் போட்டு மாட்டிக்கொள்கிறேன். ஆனால் தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. மணிக்கட்டோடு நிற்காது என்பது உனக்கும் தெரியும்.

அவனிடம் ஒன்றும் கேட்காதே. கோபத்தில் கேட்டுவிடாதே. நீ கேட்டது தெரிந்தால் அந்த வீட்டில் அடுத்து என்ன நடக்கும் என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அவன் இல்லாத நேரம் பார்த்து அவளிடம் மட்டும் கேள். அவள் இல்லை என்றால் விட்டுவிடு, துருவாதே. திரும்பக் கேட்கிற மாதிரி கதவைத் திறந்து வை.

நகராட்சிக் கடிதத்தை இப்போது மறந்துவிடு. தங்கும் வீட்டை மூடினாலும் அவளுக்கு என் வீட்டில் ஒரு அறை இருக்கிறது. இதைப் படித்துவிட்டு நீ என்னோடு பேசாமல் போனாலும் போ, அதையும் தாங்கிக்கொள்கிறேன். அவளை மட்டும் ஒரு தடவை கேட்டுவிடு, உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

என்றும் உன்னுடையவளான,
ஊசி

*

அன்புள்ள ஊசிக்கு,

நூலகத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் உன்னோடு இனிப் பேச்சே இல்லை என்று முடிவு செய்தேன். பிள்ளை பெறாதவளுக்கு என்ன தெரியும் என்றுகூட நினைத்தேன். அதை எழுதுகிறேன், உன்னிடம் மறைக்க வேண்டாம் என்று. தெருத்தெருவாக நடந்தேன். வீட்டுக்குத் திரும்பியபோது அவள் ஒரு கையால் துணி பிழிந்துகொண்டிருந்தாள். மாடிப்படியில் என் மகனின் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் தோள் இரண்டும் மேலே ஏறின. அவ்வளவுதான், ஊசி. அதற்குமேல் எனக்கு ஒரு சாட்சியும் தேவைப்படவில்லை. இத்தனை மாதம் அந்தச் சத்தம் தினமும் கேட்டிருக்கிறது. நான் டிவி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எத்தனையோ பெண்களிடம் கேட்ட கேள்வி எனக்கு வாயில் வரவில்லை. மறுநாள் அவன் வேலைக்குப் போனதும், கட்டுப் போட்ட கையோடு தலைக்குக் குளிக்க முடியாதே என்று நானே தண்ணீர் ஊற்றித் தேய்த்துவிட்டேன். காதுக்குப் பின்னால் பழைய காயம் இருந்தது. “இப்போ நான் போலீஸ்காரியும் இல்லை, அவன் அம்மாவும் இல்லை. சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்மா” என்றேன். அடுத்த சொம்புத் தண்ணீரை ஊற்றினேன். பிறகு சொன்னாள். “அந்த நர்ஸ்கிட்ட அன்னைக்கே எல்லாத்தையும் சொல்லிட்டேன் அத்தை. போலீசுக்குப் போகலாம்னாங்க. போலீஸ் எங்க வீட்டுலயேதான் இருக்காங்கன்னு சொன்னேன்.”

அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டும் நான் அவள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அவனுக்கு எல்லாம் தெரியும், ஊசி. நம் மேசைக்குக் கீழே உட்கார்ந்து வளர்ந்தவன். தனியாக விட்டால் கேட்பார்கள் என்று தெரிந்துதான் என்னைக் கூட அனுப்பினான். நாம் அந்தப் பெண்களுக்காகப் பேசியதையெல்லாம் அவன் எந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான் என்று நினைக்க நினைக்க எனக்குத் தூக்கம் வருவதில்லை. அவனை வெறுக்கவும் எனக்குத் தெரியவில்லை. இதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது.

அந்த நர்ஸ் அவளுக்குச் சில எண்களை எழுதிக் கொடுத்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரியின் கைப்பேசியை வாங்கி ஒவ்வொன்றாகப் பேசியிருக்கிறாள். போலீஸ் வக்கீலிடம் போகச் சொன்னதாம், வக்கீல் முதலில் மருத்துவச் சான்று என்றாராம், தங்கும் இல்லத்தில் போலீஸ் கடிதம் வேண்டுமாம். எல்லாரும் அன்பாகத்தான் பேசினார்களாம். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டாளாம். இங்கே எல்லாம் இருக்கிறது, மேசைதான் இல்லை.

நேற்று இந்த நூலகத்திலிருந்து நம் ஒருங்கிணைப்பாளர் பெண்ணோடு அவளையே பேச வைத்தேன். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் திரும்பக் கூப்பிட்டு, தங்கும் வீட்டில் இடம் இருக்கிறது, டாக்டருக்கும் வக்கீலுக்கும் சொல்லியாகிவிட்டது, எப்போது கிளம்பினால் பத்திரம் என்று கேட்டாள். மருமகள் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “வேற யார்கிட்டயும் திரும்பச் சொல்ல வேண்டாமாம் அத்தை” என்றாள். முதல் தடவையாக அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

அவன் அலுவலக வேலையாக வெளியூர் போகிறான். அப்போது கிளம்புகிறோம். அவள்தான் முடிவு செய்தாள், நான் பயணச்சீட்டு எடுத்தேன். அவன் மேல் புகார் கொடுப்பதும் கொடுக்காததும் அவள் இஷ்டம். கொடுத்தால் நான் சாட்சி சொல்வேன். சொல்லிவிட்டு எங்கே போய் எப்படி இருப்பேன் என்று தெரியவில்லை. ஆனால் சொல்வேன்.

நகராட்சிக்கான கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். மருமகள் படித்துப் பார்த்து ஒரு வரியை அடித்தாள், மற்றதற்குச் சரி என்றாள். நாங்கள் வந்து சேர்ந்த பிறகு கூட்டத்தில் படி, அதற்கு முன்னால் யாருக்கும் காட்டாதே. சேர்ந்து உட்கார நகராட்சி எதற்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று கேட்டாரே, அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஒரு ஆள் தனியாக இருந்தால், அவள் எவ்வளவு கெட்டிக்காரப் போலீசாக இருந்தாலும், தன் வீட்டுக்குள் நடப்பதைப் பார்க்க மாட்டாள். எனக்காகப் பார்க்க எங்கேயோ ஒரு நர்ஸ் வேண்டியிருந்தது. அதைப் புரிய வைக்க நீ வேண்டியிருந்தது. ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர் என்று கையெழுத்துப் போடச் சொன்னாய். போடவில்லை. அடித்தவனின் தாய் என்று போட்டிருக்கிறேன். அந்த இடத்தில் உன் குரல் தழுதழுத்தால் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுப் படி. விட்டுவிடாதே.

ரயில் நிலையத்துக்கு நீயே வா. இறங்கும்போது உன்னைத்தான் என் கண் தேடும். உனக்கும் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொள்ளத் தோன்றும். வேண்டாம், ஊசி. முதலில் அவளிடம் போ. அவள் கையிலிருக்கும் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடங்கள். நான் பின்னால் வருகிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

விசில்